பழைய பிக்கப் டிரக்குக்கு இக்னீஷன் காயில் வாங்குவதற்கு முன்

நம் ஊரில் லாரி என்றாலே டீசல்தான். டீசல் என்ஜினில் ஸ்பார்க் பிளக்கும் இல்லை, பேட்டரியின் வோல்ட்டைப் பிளக்குக்கு வேண்டிய உயர் வோல்ட்டாக்கும் இக்னீஷன் காயிலும் இல்லை. அமெரிக்காவில் டிரக் என்று சொல்லும்போது பலருக்கு மனதில் வருவது பெட்ரோலில் ஓடும் பிக்கப் வண்டி. இங்கே வந்த பிறகு ஆசைப்பட்டு ஒரு பழைய பிக்கப்பை வாங்கியவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். என்னிடம் இருப்பது 1971 ஃபோர்டு எஃப்-100. அதில் 300 கன அங்குல, 6 சிலிண்டர் என்ஜின், அதாவது 4.9 லிட்டர். ஃபோர்டு இந்த என்ஜினை 1965 முதல் 1996 வரை போட்டது. சரியாகப் பார்த்துக்கொண்டால் சாகாத என்ஜின். ஆனால் அதற்குக் கரண்ட் கொடுக்கும் காயிலை நான் முதல்முறை தப்பாக வாங்கினேன்.

நடந்தது இதுதான். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் 45,000 வோல்ட் என்று போட்டிருந்தது. பழைய காயிலில் அப்படி எதுவும் எழுதவில்லை. அதிக வோல்ட் என்றால் நல்ல ஸ்பார்க் என்று நினைத்து வாங்கி மாட்டினேன். இரண்டு வாரம் வண்டி பறந்தது. மூன்றாவது வாரம் நெடுஞ்சாலையில் மிஸ் அடித்து, இருமி, ஓரமாக நின்றுவிட்டது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஸ்பார்க்கைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்து பார்த்தால், காயிலின் கரண்டை விட்டு நிறுத்தும் பிளாட்டினம் பாயிண்ட் இரண்டும் நீலம் பாரித்து, ஒன்றில் குழி, மற்றதில் மேடு. ஊரில் பெட்ரோல் அம்பாசடர் வைத்திருந்த சித்தப்பாவிடம் போனில் புலம்பினேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: “வோல்ட்டை விடுடா, எத்தனை ஓம்னு பாத்தியா?”

பார்க்கவில்லை. ஓம் என்பது மின்தடையின் அளவு. அந்தக் காயில் 0.6 ஓம். என் வண்டிக்கு வேண்டியது 1.5 ஓம்.

காயில் என்ன செய்கிறது

ஓம் ஏன் முக்கியம் என்று புரிவதற்கு மட்டும் கொஞ்சம் அடிப்படை. காயிலுக்குள் இரண்டு சுற்று இருக்கிறது. தடித்த கம்பியில் சில நூறு சுற்று, அது பிரைமரி. முடி போன்ற மெல்லிய கம்பியில் அதைப்போல சுமார் நூறு மடங்கு சுற்று, அது செகண்டரி. பாயிண்ட் மூடியிருக்கும்போது பேட்டரி கரண்ட் பிரைமரி வழியே ஓடி காந்தப்புலத்தை உண்டாக்கும். பாயிண்ட் திறந்ததும் கரண்ட் சட்டென்று நின்று காந்தப்புலம் சரியும். அந்த நொடியில் பிரைமரியிலேயே இருநூறு, முந்நூறு வோல்ட் எழும். செகண்டரியில் அது நூறு மடங்காகி பிளக்குக்குப் போகும்.

இப்போது அந்த 45,000 வோல்ட் விளம்பரத்தைப் பாருங்கள். பிளக்கின் இடைவெளியைத் தாண்டத் தேவையான வோல்ட் வந்ததும் ஸ்பார்க் தாவிவிடும், வோல்டேஜ் அதற்கு மேல் ஏறாது. சாதாரணமாக ஓடும் என்ஜினில் பத்தாயிரம், பதினைந்தாயிரம் வோல்ட்டிலேயே வேலை முடிந்துவிடும். மீதி பெட்டியில் அச்சடித்ததோடு சரி. எனவே காயில் வாங்கும்போது அந்த எண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு மற்ற விவரங்களைப் படியுங்கள்.

முதலில், இது காயில் கோளாறுதானா?

காயில் கெட்டால் பெரும்பாலும் சூட்டில்தான் தெரியும். அரை மணி நேரம் நன்றாக ஓடிய வண்டி நின்றுவிடும். ஆற விட்டால் மறுபடி எடுக்கும். மேட்டில் ஏறும்போது மிஸ் அடிப்பது, டப்பாவிலிருந்து எண்ணெய் கசிவது, உயர் வோல்ட் வெளியேறும் நடுக் கோபுரத்தில் விரிசலோ கரிக்கோடோ தெரிவது, இவையும் காயிலைக் காட்டிக்கொடுக்கும் அறிகுறிகள்.

ஆனால் சூட்டில் நிற்கும் எல்லா வண்டிக்கும் காயில் காரணம் இல்லை. பெட்ரோல் பைப்பிலேயே ஆவியானாலும் அப்படித்தான் நிற்கும். என்ஜினை அணைத்த நிலையில் கார்புரேட்டர் வாயைப் பார்த்துக்கொண்டே ஆக்சிலரேட்டர் லிங்கை அசைத்தால் பெட்ரோல் பீய்ச்ச வேண்டும். பீய்ச்சவில்லை என்றால் காயில் கடைக்குப் போகாதீர்கள்.

அடுத்த சந்தேகம் கண்டன்சர். பாயிண்ட் பக்கத்தில் விரல் நுனி அளவில் இருக்கும் அந்தச் சின்ன உருளை, மதிப்பு சுமார் 0.2 மைக்ரோஃபாரட். அது போனால் ஸ்பார்க் மஞ்சளாக, நோஞ்சானாக வரும், பாயிண்டும் கருகும். காயில் விலையில் ஒரு சிறு பங்குதான் அதன் விலை. நான் எப்போதும் முதலில் கண்டன்சரை மாற்றிப் பார்த்துவிட்டுத்தான் காயிலைத் தொடுவேன். பாதி தடவை அத்தோடு வேலை முடிந்துவிடுகிறது.

இன்னும் இரண்டு நோய்கள் காயில் வேஷம் போட்டு வரும். செல்ஃப் அடிக்கும்போது என்ஜின் பிடிக்கிறது, சாவியை விட்டதும் செத்துவிடுகிறது என்றால், வண்டி ஓடும்போது காயிலுக்குக் கரண்ட் தரும் பாதை அறுந்திருக்கிறது. அதற்கு நேரெதிராக, செல்ஃப் அடிக்கும் வரை பிடிக்காமல் சாவியை விடும் நொடியில் மட்டும் பிடித்தால், செல்ஃப் அடிக்கும்போது காயிலுக்கு முழு வோல்ட் தரும் தனிப்பாதை வேலை செய்யவில்லை. இரண்டிலும் காயில் நிரபராதி.

வண்டியில் இப்போது என்ன இருக்கிறது

இந்தப் பகுதிதான் எல்லாவற்றையும் விட முக்கியம். அவசரப்படாமல் செய்யுங்கள். ஒரு மல்ட்டிமீட்டரும் இரு முனையிலும் கிளிப் உள்ள ஒரு வயரும் போதும்.

12 வோல்ட் வண்டியில் பாயிண்ட்டை வைத்திருந்தால் அதன் வழியே சராசரியாக ஏறக்குறைய 4 ஆம்பியருக்கு மேல் போகக் கூடாது. அதற்கு மேல் போனால் கருகும். அதற்காக மொத்தச் சுற்றில் சுமார் 3 ஓம் தடை இருக்கும்படி அமைத்திருப்பார்கள். இதை இரண்டு வழியில் செய்யலாம். காயிலே 3 ஓம் இருக்கலாம், அப்போது வெளியே வேறு எதுவும் வேண்டாம். அல்லது காயில் 1.5 ஓம், வெளியே கரண்டைக் குறைக்கும் ஒரு தனித் தடை, அதாவது பேலஸ்ட் ரெசிஸ்டர், சுமார் 1.4 ஓம். இரண்டாவது வழிக்கு ஒரு லாபம் உண்டு. செல்ஃப் மோட்டார் சுற்றும்போது பேட்டரி 10 வோல்ட்டுக்கு இறங்கிவிடும். அப்போது மட்டும் ரெசிஸ்டரைச் சுற்றிக்கொண்டு முழு 10 வோல்ட்டும் நேராகக் காயிலுக்குப் போகும். குளிர்காலக் காலையில் வண்டி எடுப்பதற்கான தந்திரம் அது.

1970களின் ஃபோர்டு பிக்கப்பில் இந்த ரெசிஸ்டரைத் தேடினால் கண்ணில் படாது. டாஷ்போர்டுக்குப் பின்னால், சாவி சுவிட்சிலிருந்து வரும் இளஞ்சிவப்பு வயரேதான் ரெசிஸ்டர். பார்க்கச் சாதாரண வயர் மாதிரி இருக்கும், உள்ளே தடைக் கம்பி. பழுது பார்க்கிறேன் என்று அதை வெட்டிச் சாதாரண செப்பு வயரைப் போட்டுவிட்டவர்கள் ஏராளம். செல்ஃப் நேரத்துக்கான தனிப்பாதை, மட்கார்டின் உள்பக்கம் இருக்கும், செல்ஃப் மோட்டாருக்குக் கரண்ட் விடும் சுவிட்சான ஸ்டார்ட்டர் சொலினாய்டில் ஐ (I) என்று குறித்த சிறு முனையிலிருந்து வரும். பக்கத்தில் எஸ் (S) என்ற முனை. இரண்டையும் மாற்றிப் போட்டுவிடாதீர்கள்.

ஐம்பது வருடத்தில் உங்கள் வண்டியை எத்தனை பேர் நோண்டியிருப்பார்களோ தெரியாது. அதனால் புத்தகத்தில் என்ன போட்டிருக்கிறது என்பதை விட, இப்போது உள்ளே என்ன இருக்கிறது என்பதை அளந்து தெரிந்துகொள்ள வேண்டும்.

முதல் அளவு, காயில் தடை. என்ஜின் ஆறியிருக்கட்டும். பிளஸ், மைனஸ் இரண்டு வயரையும் காயிலிலிருந்து கழற்றுங்கள். மீட்டரை ஓமில் வைத்து முதலில் அதன் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள். 0.2 அல்லது 0.3 காட்டும், அது மீட்டர் வயரின் தடை. பிறகு காயிலின் பிளஸுக்கும் மைனஸுக்கும் இடையே அளந்து, அந்த 0.3-ஐக் கழியுங்கள். சின்ன எண்களில் இது பெரிய வித்தியாசம். சூடான காயிலில் அளந்தால் ஏமாந்துபோவீர்கள். 20 டிகிரியில் 1.5 ஓம் காட்டும் செப்புச் சுற்று 90 டிகிரியில் 1.9 காட்டும். பிளஸுக்கும் நடுக் கோபுரத்துக்கும் இடையே அளந்தால் செகண்டரி தடை கிடைக்கும். 7,000 முதல் 12,000 ஓம் வரை காட்டினால் இந்த மாதிரிக் காயிலுக்கு அது வழக்கம். ஒன்றுமே காட்டவில்லை என்றால் உள்ளே கம்பி அறுந்துவிட்டது. ஆனால் அளவு சரியாக வந்தாலே காயில் நல்லது என்று அர்த்தமாகாது. உள் இன்சுலேஷன் சூட்டிலும் உயர் வோல்ட்டிலும்தான் கைவிடும், மீட்டரின் சின்ன பேட்டரிக்கு அது தெரியவே தெரியாது.

இரண்டாவது அளவு, காயில் பிளஸில் வரும் வோல்ட். புதியவர்கள் விழும் குழி இங்கேதான் இருக்கிறது, நானும் விழுந்தேன். சாவியைப் போட்டு மீட்டரை வைத்தால் 12 வோல்ட் காட்டியது. சரி, ரெசிஸ்டர் இல்லை என்று முடிவு கட்டினேன். அந்த நேரத்தில் பாயிண்ட் திறந்திருந்தது! கரண்ட் ஓடாதபோது எந்த ரெசிஸ்டரிலும் வோல்ட் குறையாது. அடைத்த குழாயில் அழுத்தம் பார்த்த கதைதான்.

இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. வயர்களைத் திரும்ப மாட்டிவிட்டு, காயிலின் மைனஸிலிருந்து என்ஜின் இரும்புக்கு அந்தக் கிளிப் வயரைப் போடுங்கள். இப்போது பாயிண்ட் திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும் காயிலில் கரண்ட் ஓடும். வண்டியில் பாயிண்டுக்குப் பதில் எலெக்ட்ரானிக் மாட்யூல் இருந்தால் முதலில் அதன் வயரைக் காயிலின் மைனஸிலிருந்து கழற்றிவிடுங்கள். சாவியைப் போட்டுப் பிளஸில் வோல்ட் பார்த்துவிட்டு உடனே அணைத்துவிடுங்கள். சாவியைப் போட்டபடி அரட்டை அடித்தால் காயில் வெந்துவிடும்.

6, 7 வோல்ட் வந்தால் ரெசிஸ்டரும் 1.5 ஓம் காயிலும் ஜோடியாக இருக்கின்றன, எல்லாம் நலம். 8 வோல்ட்டுக்கு மேல், 9-க்குள் வந்தால், ரெசிஸ்டரை விட்டுவைத்து மேலே 3 ஓம் காயிலை யாரோ மாட்டியிருக்கலாம். ஏறக்குறைய பேட்டரி வோல்ட்டே வந்தால் ரெசிஸ்டரை எடுத்துவிட்டார்கள்.

அந்த வயர் அப்படியே இருக்க, செல்ஃபையும் ஒருமுறை அடிக்கச் சொல்லிப் பாருங்கள். ஸ்பார்க் வராது, என்ஜின் எடுக்காது, பயப்பட வேண்டாம். பிளஸில் 10 வோல்ட்டை ஒட்டி வந்தால் தனிப்பாதை வேலை செய்கிறது. 5 வோல்ட் என்றால் ஐ முனையிலிருந்து வரும் வயரைப் பாருங்கள்.

கணக்கு

வண்டி ஓடும்போது ஆல்டர்னேட்டர் 14 வோல்ட் தருகிறது என்று வையுங்கள். 14-ஐ மொத்த ஓமால் வகுத்தால் உச்ச கரண்ட் கிடைக்கும். பாயிண்ட் மூடுவதும் திறப்பதுமாக இருப்பதால் சராசரி இதைவிடக் குறைவுதான், ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க இந்தக் கணக்கு போதும்.

1.5 ஓம் காயில், 1.35 ஓம் ரெசிஸ்டர் வயர்: கிட்டத்தட்ட 4.9 ஆம்பியர். கம்பெனி வைத்தது இது. ரெசிஸ்டரை எடுத்துவிட்டு அதே காயில்: 9.3 ஆம்பியர். பாயிண்ட் சீக்கிரமே கருகும். என்னுடைய 0.6 ஓம் வீரக் காயிலுக்கு ரெசிஸ்டரோடு சேர்த்தே 7.2 ஆம்பியர் வந்தது. அதுதான் இரண்டு வாரம் பறந்ததற்கும் மூன்றாவது வாரம் நின்றதற்கும் காரணம். மறுபக்கம், ரெசிஸ்டரை விட்டுவைத்து 3 ஓம் காயில் மாட்டினால் 3.2 ஆம்பியர்தான். காயிலில் சேரும் சக்தி கரண்டின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் ஸ்பார்க் சக்தி ஏறக்குறைய பாதியாகிவிடும். எதுவும் கருகாது, ஆனால் வண்டி சோம்பேறியாக இருக்கும், குளிரில் எடுக்காது. கார்புரேட்டரைப் பிரித்து மேய்ந்தாலும் சரியாகாத வண்டிகளில் சில இந்த ரகம்.

கடையில் என்ன பார்ப்பது

பாயிண்ட்டை அப்படியே வைத்திருப்பவர்களுக்கு என் சிபாரிசு: ரெசிஸ்டர் வயர் நன்றாக இருந்தால் 1.5 ஓம் காயில். அது அறுந்தோ, யாரோ பிடுங்கியோ போயிருந்தால் 3 ஓம் காயில். காயிலின் மேலேயே வெளி ரெசிஸ்டரோடு பயன்படுத்தவும் என்றோ, வெளி ரெசிஸ்டர் தேவையில்லை என்றோ பெரும்பாலும் எழுதியிருக்கும். எழுதியிருந்தாலும் நான் மீட்டரைக் கையோடு கொண்டுபோய்க் கல்லாவிலேயே அளந்துவிடுவேன். கடைக்காரர் முறைக்கலாம், முறைக்கட்டும்.

பாயிண்ட்டை எடுத்துவிட்டு டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ளேயே எலெக்ட்ரானிக் துண்டு மாட்டியிருந்தால் கணக்கு வேறு. பெர்ட்ரோனிக்ஸ் இக்னைட்டர் இவற்றில் பிரபலமானது. அதன் முதல் தலைமுறைக்கு 6 சிலிண்டரில் 3 ஓம், வி-8 என்ஜினில் 1.5 ஓம் காயில் என்பது அந்த நிறுவனத்தின் பரிந்துரை. இரண்டாம் தலைமுறைக்குத்தான் 0.6 ஓம். நான் தவறி வாங்கிய காயில் அந்த வீட்டுக்குப் போக வேண்டிய மாப்பிள்ளை. கிட்டோடு வரும் தாளைப் படித்து உறுதி செய்துகொள்ளுங்கள். அந்தத் துண்டுக்குப் போகும் சிவப்பு வயருக்கு ரெசிஸ்டருக்கு முன்னால் இருந்தே முழு 12 வோல்ட் கொடுங்கள்.

வடிவத்துக்கு வருவோம். எண்ணெய் நிரப்பிய டப்பாவா, எபாக்சி ஊற்றிய கட்டியா என்று கேட்பார்கள். என்ஜின் பக்கவாட்டில் கோபுரம் மேல்நோக்கி நிமிர்ந்து நிற்கும் இடம் என்றால் எண்ணெய் டப்பா போதும், சூட்டையும் நன்றாக வெளியேற்றும். படுக்கவைத்துத்தான் மாட்ட முடியும் என்றால் எபாக்சி வாங்குங்கள். எண்ணெய்க் காயிலைப் படுக்கவைத்தால் உள்ளிருக்கும் காற்று இடம் மாறிச் சுற்றின் ஒரு பகுதி எண்ணெய்க்கு வெளியே வரலாம், அந்த இடம் சூடாகும். பட்டைப்பட்டையான இரும்புத் தகடு சூழ்ந்த நவீன சதுரக் காயில்கள் மலிவாகக் கிடைக்கும். அவை 0.5 ஓமைச் சுற்றியே இருக்கும். கரண்டைத் தானே கட்டுப்படுத்தும் மாட்யூலுக்கானவை, பாயிண்ட் வண்டிக்கு ஆகாது.

கோபுரத்தில் எச்.டி. வயர், அதாவது டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் உயர் வோல்ட் வயர், குழிக்குள் இறங்குகிறதா, முளைமேல் உட்காருகிறதா என்று பாருங்கள். வேறாக இருந்தால் அந்த வயரையும் மாற்ற வேண்டும். பழைய பட்டை புதிய டப்பாவைப் பிடிக்குமா என்பதற்குப் பழைய காயிலையே கையில் எடுத்துப்போவது நல்லது.

உங்கள் வண்டி ஃபோர்டு 1971 இல்லையென்றால்

1977 முதல் வந்த ஃபோர்டு டூராஸ்பார்க் 2 என்ற எலெக்ட்ரானிக் இக்னீஷனில் பாயிண்ட் கிடையாது, ஆனால் ரெசிஸ்டர் வயர் உண்டு, சுமார் 1.1 ஓம். காயில் தலையில் லாடம் போன்ற கிளிப் மாட்டும். அதற்கென்றே உள்ள காயிலை வாங்குங்கள்.

டாட்ஜ் பிக்கப்பில் ரெசிஸ்டர் வெள்ளைப் பீங்கான் கட்டியாக என்ஜினுக்குப் பின்சுவரில் கண்ணுக்கு முன்னாலேயே இருக்கும். சாவியை விட்டதும் செத்துவிடும் நோய் அந்த வண்டிகளில் சகஜம். ஒரு கட்டியை வண்டியிலேயே போட்டு வைத்துக்கொள்வார்கள்.

ஜெனரல் மோட்டார்ஸ் 1970களின் நடுவில் எச்.இ.ஐ. (ஹை எனர்ஜி இக்னீஷன்) என்ற எலெக்ட்ரானிக் முறைக்கு மாறியது. வி-8 என்ஜினில் காயிலே டிஸ்ட்ரிபியூட்டர் மூடிமேல் உட்கார்ந்திருக்கும். இதற்கு முழு 12 வோல்ட் வேண்டும், ரெசிஸ்டர் இருக்கவே கூடாது. பழைய செவ்ரலேயில் எச்.இ.ஐ. டிஸ்ட்ரிபியூட்டரை வாங்கி மாட்டிவிட்டு ரெசிஸ்டர் வயரை மறந்தவர்கள், வேகத்தில் மிஸ் அடிக்கிறது என்று வருவார்கள்.

1955 வரையிலான ஃபோர்டு டிரக் என்றால் 6 வோல்ட், அதுவும் பேட்டரியின் பிளஸ் பக்கம் எர்த், அதாவது வண்டியின் இரும்போடு இணைந்தது. 12 வோல்ட் காயில் அதற்கு வேண்டாம்.

மாட்டும்போது

பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றுங்கள். போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். மைனஸ் எர்த் வண்டியில் காயிலின் மைனஸ் டிஸ்ட்ரிபியூட்டருக்கும், பிளஸ் சாவிப் பக்கத்துக்கும் போக வேண்டும். பிளஸ் எர்த் வண்டியில் நேரெதிர். மாற்றிப் போட்டாலும் வண்டி ஓடும், அதுதான் ஆபத்து. பிளக்கின் சூடான நடு முனை மைனஸாக இருக்கும்போது ஸ்பார்க் சுலபமாகத் தாவும், தலைகீழானால் கூடுதல் வோல்ட் வேண்டும். பிளக் தேயத் தேய மிஸ் அடிக்க ஆரம்பிக்கும், காரணம் கடைசிவரை பிடிபடாது.

கருகிய பாயிண்ட் மேல் புதுக் காயிலை மாட்டாதீர்கள். பாயிண்ட்டும் கண்டன்சரும் சேர்ந்தே மாறட்டும். பாயிண்ட் இடைவெளியையும் டைமிங்கையும் சரிபார்த்துவிடுங்கள். பாயிண்ட் வண்டியில் பிளக் இடைவெளி 0.9 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கட்டும். புதுக் காயில் என்று 1.2, 1.3-க்கு விரிக்க வேண்டாம். ஸ்பார்க் பார்க்க வேண்டுமென்றால் கடையில் விற்கும் ஸ்பார்க் டெஸ்டரை வாங்குங்கள். வயரைக் கையில் பிடித்துக் காட்டும் வீரம் வேண்டாம். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் அந்தப் பக்கமே வரக் கூடாது.

எல்லாம் முடிந்ததும் பிளஸில் வோல்ட்டை மறுபடி அளந்து பாருங்கள். இருபது நிமிடம் ஓட்டிவிட்டு என்ஜினை அணைத்துக் காயிலைத் தொட்டால் நல்ல சூடு இருக்கும், அது இயல்பு. தண்ணீர் தெளித்தால் சீறுகிற சூடு இருந்தால் கணக்கில் எங்கோ தவறு, திரும்பப் போய் ஓமைப் பாருங்கள்.

கழற்றிய பழைய காயில் உயிரோடு இருந்தால் தூக்கிப் போட வேண்டாம். என்னுடையது 1.5 ஓம் என்று பெயிண்டில் எழுதி, ஒரு கண்டன்சரோடு துணியில் சுற்றி, டாஷ்போர்டு டிராயரில் இருக்கிறது. அந்த 0.6 ஓம் காயிலை வி-8 வண்டியில் இரண்டாம் தலைமுறை இக்னைட்டர் மாட்டியிருந்த ஒருவருக்குப் பாதி விலைக்குக் கொடுத்துவிட்டேன். அவர் வண்டியில் அது இன்றும் நன்றாக ஓடுகிறது.